பேட்டரித் தண்ணீர் எங்கே போகிறது?

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுகிறோம். அடுத்த முறை பார்க்கும்போது மட்டம் மறுபடி இறங்கியிருக்கிறது. தரையில் ஒழுகிய தடம் எதுவும் தெரிவதில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டால், "சூட்டில் ஆவியாகியிருக்கும்" என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பதிலில் உண்மை கொஞ்சம்தான். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, வாயுவாக நம் வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறது. இது ஒன்றைப் புரிந்துகொண்டால், பேட்டரியைக் கையாள்வது பற்றிச் சொல்லப்படும் விதிகளில் பாதிக்குக் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

2012 வாக்கில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டிய காலத்தில், அதுவரை பெரும்பாலும் வண்டிகளிலும் அலுவலகங்களிலும் இருந்த இந்தக் கறுப்புப் பெட்டி பல வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. மாடிப்படிக்கு அடியிலும், பூஜை அலமாரிக்குக் கீழேயும், துணி வைக்கும் கப்போர்டிலும் அதற்கு இடம் ஒதுக்கினோம். பெட்டியோடு சேர்ந்து சில வாய்மொழி நம்பிக்கைகளும் வந்தன. 12 வோல்ட்தான் என்பதால் ஒன்றும் செய்யாது என்பது ஒன்று. பேக்கப் குறைந்தால் ஆசிட் ஊற்றினால் போதும் என்பது இன்னொன்று. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சீல் வைத்த பேட்டரியாக இருந்தால் கவலையே வேண்டாம் என்பது மூன்றாவது. மூன்றிலும் பாதி உண்மை இருப்பதால்தான் அவை இன்றும் நிலைத்திருக்கின்றன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859-இல் ஈய-அமிலப் பேட்டரி எனப்படும் இந்த வகைப் பேட்டரியை உருவாக்கினார். அதன் பிறகு வடிவம் எவ்வளவோ மாறியிருந்தாலும் உள்ளே நடக்கும் வேதியியல் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரி என்பது உண்மையில் ஆறு சிறிய பேட்டரிகளை ஒரே பெட்டிக்குள் வரிசையாக இணைத்து வைத்த தொகுப்பு. இந்த ஒவ்வொரு சிறு அறையையும் கலம் என்போம். ஒரு கலம் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். ஆறும் சேர்ந்து, நன்றாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் நிலையில், 12.6 வோல்ட் அளவில் நிற்கும். பேட்டரியின் மேற்புறத்தில் தண்ணீர் ஊற்றும் மூடிகள் ஆறு இருப்பதற்கும் இதுவே காரணம்: ஒரு மூடிக்கு ஒரு கலம்.

ஒவ்வொரு கலத்திலும் இருவகைத் தகடுகள் இருக்கின்றன. நெகட்டிவ் தகடு ஈயத்தால் ஆனது. பாசிட்டிவ் தகட்டில் இருப்பது ஈயம் ஆக்சிஜனோடு சேர்ந்து உருவான ஈய டை ஆக்சைடு. ஈயம் என்ற சொல்லில் தமிழருக்கு ஒரு குழப்பம் வர இடமிருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இவை இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். முன்னது சமையலுக்கு ஏற்றது, பின்னது நஞ்சு. "ஈயம்தானே, பாட்டி காலத்திலிருந்து புழங்குகிறோமே" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலிலேயே சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயத்தையே குறிக்கும்.

தகடுகள் மூழ்கியிருக்கும் திரவம் நீர் கலந்த கந்தக அமிலம். இதற்கு மின்பகு திரவம் என்று பெயர். சார்ஜ் முழுமையாக இருக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிலம், மீதி தண்ணீர்.

அமிலம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது?

மின்வெட்டின்போது விசிறியும் விளக்கும் ஓடும் வேளையில், திரவத்திலிருக்கும் சல்பேட், அதாவது கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் போக மீதியுள்ள பகுதி, இருவகைத் தகடுகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. பாசிட்டிவ் தகட்டிலிருந்து விடுபடும் ஆக்சிஜன், அமிலத்தின் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. அதாவது பேட்டரி இறங்க இறங்க அமிலம் தகட்டுக்குள் போய்விடுகிறது, திரவம் நீர்த்துப்போகிறது. கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது இது அப்படியே தலைகீழாக நடக்கிறது: தகட்டில் படிந்திருந்த சல்பேட் கழன்று திரவத்துக்குத் திரும்புகிறது, அமிலம் மீண்டும் அடர்த்தியாகிறது. துணியை முக்கினால் வாளித் தண்ணீர் குறைவதும், பிழிந்தால் திரும்ப வருவதும் போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே துணி உறிஞ்சுவது தண்ணீரை அல்ல, அமிலத்தை.

மெக்கானிக் கையில் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர் அளப்பது இதைத்தான். ரப்பர் பல்பை அழுத்தித் திரவத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் இழுத்தால், உள்ளே இருக்கும் சிறு மிதவை எவ்வளவு உயரம் மிதக்கிறது என்பது திரவத்தின் அடர்த்தியைக் காட்டும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், நன்றாகச் சார்ஜ் ஏறிய இன்வெர்ட்டர் பேட்டரியில் அது 1.25-ஐ ஒட்டி இருக்கும். நன்றாக இறங்கிய பேட்டரியில் 1.15 அளவுக்கோ அதற்கும் கீழேயோ போய்விடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் அமிலம் தகட்டுக்கும் திரவத்துக்கும் இடையே போய் வருவதே. இந்தப் போக்குவரத்தில் பேட்டரியை விட்டு எதுவும் வெளியேறுவதில்லை. அப்படியானால் தண்ணீர் ஏன் குறைகிறது?

தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் ஓடினால்

மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது, நிறைந்த பிறகும் மோட்டாரை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேட்டரியிலும் அதுபோல ஒரு நிலை வருகிறது. தகட்டிலிருந்த சல்பேட் ஏறக்குறைய முழுவதும் கழன்ற பிறகு, உள்ளே அனுப்பப்படும் மின்சாரத்துக்குச் செய்ய வேலை இல்லை. ஆனால் அது சும்மா இருப்பதில்லை. திரவத்திலிருக்கும் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. மின்சாரத்தால் ஒரு பொருளை இப்படிப் பிரிப்பதை மின்னாற்பகுப்பு என்கிறோம். 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடக்கும். அந்த நேரத்தில் மூடிக்கு அருகே காதை வைத்தால் சோடா பாட்டில் திறந்ததுபோல மெல்லிய நுரைச் சத்தம் கேட்கும். கேட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. முகத்தை அங்கே கொண்டுபோவது நல்ல பழக்கம் அல்ல.

இந்த வாயுவின் அளவை ஒரு கணக்கால் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் இப்படிப் பிரிந்தால், நம் ஊர் வெப்பநிலையில் 1,300 லிட்டருக்கும் அதிகமான ஹைட்ரஜன் கிடைக்கும். போன முறை ஊற்றிய பேட்டரித் தண்ணீரில் ஆவியாகிப்போன சிறு பங்கைக் கழித்துவிட்டாலும், நூற்றுக்கணக்கான லிட்டர் ஹைட்ரஜன் நம் வீட்டுக்குள்தான் வெளியாகியிருக்கிறது. அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததாலும், ஜன்னல் வழியாகக் கலைந்து போனதாலும் நமக்குத் தெரியவில்லை.

ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றக்கூடிய நிலையை அடைகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 75 சதவீதம் வரை அதே நிலைதான். இவ்வளவு அகலமான வரம்பு சமையல் எரிவாயுவுக்குக்கூட இல்லை. காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது என்பதால் ஹைட்ரஜன் மேலே ஏறிப்போகும். சிலிண்டர் வாயு தரையோடு தங்கும் என்று கற்றுக்கொண்டிருக்கும் நமக்கு இது தலைகீழ்ப் பாடம்: பேட்டரி அறைக்குக் காற்றுவழி மேலே வேண்டும்.

இப்போது மாடிப்படிக்குக் கீழே கதவு வைத்து அடைத்த ஓர் அலமாரியை எடுத்துக்கொள்வோம். 60 செ.மீ. ஆழம், 90 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருப்பது 540 லிட்டர் இடம். அதில் 4 சதவீதம் என்பது 22 லிட்டருக்கும் குறைவு. சார்ஜைக் கட்டுப்படுத்தும் பகுதி பழுதாகி, நிறைந்த பேட்டரிக்குள் 10 ஆம்பியர் மின்சாரம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், ஆறு கலங்களும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் ஹைட்ரஜன் 25 லிட்டரைத் தாண்டும். அதாவது கதவை மூடிவிட்டுச் சீரியல் இரண்டு பார்த்து முடிப்பதற்குள் அலமாரி ஆபத்தான நிலைக்கு வந்துவிடலாம். அதே பேட்டரி 10 அடிக்கு 10 அடி அளவுள்ள, ஜன்னல் திறந்த அறையில் இருந்தால் இந்த வாயு ஒரு பொருட்டே ஆகாது. பேட்டரி ஒன்றுதான், வைத்திருக்கும் இடம்தான் வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒழுங்காக வேலை செய்யும் இன்வெர்ட்டர், பேட்டரி நிறைந்ததும் மின்னோட்டத்தை மிகவும் குறைத்துவிடும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழுதான நாளை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பற்றவைப்பது எது?

ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எனவே வாடை வரவில்லை என்பதால் வாயு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றலோ மிக மிகச் சிறியது. நைலான் துணியைக் கழற்றும்போது படபடவென்று கேட்கும் பொறியே தாராளமாகப் போதும். இதனால்தான் பேட்டரிப் பெட்டியின் மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் பரபரவென்று துடைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில், பேட்டரி ஏன் ஓடவில்லை என்று மெழுகுவர்த்தியோ தீக்குச்சியோ கொண்டு மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதைப் போன்ற ஆபத்தான செயல் வேறு இல்லை. அறையில் ஹைட்ரஜன் கலைந்துபோயிருந்தாலும், கலத்துக்குள்ளே திரவத்துக்கு மேலுள்ள சிறிய இடத்தில் அது ஆக்சிஜனோடு வெடிப்பதற்கு மிகப் பொருத்தமான விகிதத்தில் தங்கியிருக்கும். அது பற்றினால் மூடியும் பிளாஸ்டிக் துண்டுகளும் அமிலமும் நேராக எட்டிப் பார்ப்பவரின் முகத்துக்கே வரும். டார்ச் போதும். பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரி வைத்திருப்பவர்கள், விளக்கு மேலே, வாயு மேல்நோக்கிப் போகும் என்ற இரண்டையும் சேர்த்து ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அதிகம் பேசப்படாத பற்றவைப்பு ஒன்று உண்டு: தளர்ந்த டெர்மினல். டெர்மினல் என்பது கேபிளைப் பொருத்தும் ஈயக் குமிழ். அதன் நட்டு தளர்ந்திருந்தால், லோடு ஏறும் ஒவ்வொரு முறையும் அங்கே சூடும் சிறு பொறியும் உண்டாகும். பொறி உண்டாகும் இடமோ வாயு வெளியேறும் மூடிக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தாலும் இணைப்பு சரியில்லை என்றுதான் பொருள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வேறு கதை. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகி, அமிலமே சிதைந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வெளியாகிறது என்பதன் அடையாளம் அது. பெட்டியின் பக்கங்கள் உப்பியிருந்தாலும் அதே எச்சரிக்கைதான். அந்த நேரத்தில் பேட்டரிக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சைத் தேடிப் போகாமல், வீட்டு மெயின் போர்டில் இன்வெர்ட்டருக்கு வரும் இணைப்பை அணைத்துவிட்டு, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லோரும் விலகியிருக்க வேண்டும். ஆறிய பிறகு மெக்கானிக் வந்து பார்க்கட்டும்.

இந்தப் பகுதியின் சாரம்: நிறைந்த பேட்டரிக்கு மேலும் சார்ஜ் கொடுத்தால் தண்ணீர் வாயுவாகும், வாயு மேலே போகும், போக வழியில்லாவிட்டால் தங்கும், தங்கினால் எந்தப் பொறியும் போதும்.

"ஆசிட் போட்டா சரியாயிடும் சார்"

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பேட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காமல் போனபோது, பார்க்க வந்தவர் சொன்ன வாக்கியம் இது. ஆறு கலங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் ஊற்றினார். மூன்று வாரம் பிரமாதமாக ஓடியது. அதன் பிறகு முன்பைவிட மோசமாகி, கடைசியில் பேட்டரியையே மாற்ற வேண்டியதாயிற்று. அவர் ஏமாற்றினார் என்று அன்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பார் என்று இன்று நினைக்கிறேன்.

மேலே பார்த்த வேதியியலே இதற்கு விடை சொல்கிறது. பேட்டரியை விட்டு வெளியேறுவது தண்ணீர். அமிலம் ஆவியாவதும் இல்லை, வாயுவாகப் பிரிந்து போவதும் இல்லை. திரவத்தில் அமிலம் குறைவாகத் தெரிகிறது என்றால், அது சல்பேட்டாகத் தகட்டில் ஒட்டிக் கிடக்கிறது என்று பொருள். நீண்ட நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியில் அந்தப் படிவு கெட்டியாகி, எளிதில் கழலாமல் நின்றுவிடுகிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து அமிலம் சேர்த்தால் சில நாட்களுக்கு மின்னழுத்தம் கூடியதுபோலத் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறிய அடர்த்தி தகடுகளை அரிக்கத் தொடங்கும். தோசைமாவில் தண்ணீர் வற்றிக் கெட்டியானால் நாம் மேலும் மாவைச் சேர்ப்பதில்லை. கவிழ்ந்து கொட்டிப்போன பேட்டரிக்கு மட்டும் அமிலம் ஊற்றலாம். அதுவும் உரிய அடர்த்தியில், பயிற்சி பெற்றவர் கையால்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்து உப்புகள் நீக்கிய தண்ணீர். உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு வாட்டரும் சரிதான். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். தண்ணீர் போய்ப் போய் உப்புகள் மட்டும் உள்ளே தங்கும் என்பதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கேடு சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவுதான், இல்லாமல் போய்விடுவதில்லை. 20 லிட்டர் கேன் தண்ணீரும் அப்படியே. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது உருவாகும்போது தூயதுதான். ஆனால் தூசி படிந்த அலுமினியத் தகடுகளையும் செம்புக் குழாயையும் கழுவிக்கொண்டு வருகிறது. சில பத்து ரூபாய் மிச்சத்துக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பேட்டரியில் பரிசோதனை செய்வானேன்?

ஊற்றும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது திரவம் சற்று விரிந்து மட்டம் உயரும். எனவே இறங்கிய பேட்டரியில் மேல் கோடு வரை நிரப்பிவிட்டால், சார்ஜ் முடியும் தருவாயில் அமிலம் மூடி வழியாகப் பொங்கி வழியும். முழுச் சார்ஜ் ஆன பிறகு, இன்வெர்ட்டரையும் அதற்கு வரும் மின்இணைப்பையும் அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து ஊற்றுவதே சரி. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். பெரும்பாலான டியூபுலர் பேட்டரிகளில், அதாவது பாசிட்டிவ் தகடு குழாய் வடிவில் அமைந்த பேட்டரிகளில், ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு, பச்சை அடையாளம் போட்ட மிதவை இருக்கும். ஆறையும் பார்க்க வேண்டும். ஒரு கலம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக வற்றினால் அந்தக் கலத்தில் கோளாறு என்று அறியலாம். கோடையில் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

12 வோல்ட் என்ன செய்துவிடும்?

உலர்ந்த விரல்களால் 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களையும் தொட்டால் ஷாக் அடிக்காது. நம் தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம். அவ்வளவு தடையைத் தாண்டி 12 வோல்ட்டால் உணரத்தக்க மின்சாரத்தை அனுப்ப முடியாது. அந்த வாய்மொழி நம்பிக்கையின் உண்மைப் பாதி இதுதான்.

மறுபாதியைப் புரிந்துகொள்ள ஏரியைப் பார்க்கலாம். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் உயரத்தில் இருக்கிறது, ஆனால் அரை அங்குலக் குழாயில் வருகிறது. ஏரித் தண்ணீருக்கு அந்த உயரம் இல்லை; ஆனால் கரை உடைந்தால் ஊரையே கொண்டுபோய்விடும். மின்னழுத்தம் என்பது உயரம். மின்னோட்டம் என்பது பாயும் நீரின் அளவு. வீட்டுப் பிளக்கில் இருப்பது உயரத் தொட்டி, பேட்டரி என்பது ஏரி. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 1.8 யூனிட் மின்சாரம். அதன் உள்மின்தடை, அதாவது பேட்டரி தனக்குள் மின்சாரத்துக்குக் காட்டும் தடை, ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், டெர்மினல்கள் இரண்டையும் ஓர் உலோகத் துண்டு நேராக இணைக்கும் நொடியில் 2,400 ஆம்பியர் பாயலாம். வீட்டு மின்இணைப்பில் ஒரு பிளக்குக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச அளவே 16 ஆம்பியர்தான். இப்படி நேராக இணைந்துவிடுவதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம்.

அந்த உலோகத் துண்டு ஸ்பானராக இருந்தால் பழுக்கக் காய்ச்சியதுபோலச் சிவந்து, டெர்மினலோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஈயம் உருகித் தெறிக்கும். துண்டு மோதிரமாக இருந்தால் கழற்ற நேரம் கிடைக்காது. விரலைச் சுற்றி எலும்பு வரை சுட்டுவிடும். எனவே பேட்டரியைத் தொடுவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைப்பது சம்பிரதாயம் அல்ல. ஸ்பானரின் பிடியை, வாய்ப்பகுதி மட்டும் வெளியே தெரியுமாறு, இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். பேட்டரிக்கு மேல் உலோகப் பொருள் எதையும் வைக்கும் வழக்கமும் வேண்டாம். அது அலமாரித் தட்டு அல்ல.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்று மெக்கானிக்குகள் சொல்வதன் பொருள் காரில் தெளிவாகத் தெரியும். காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவ் நட்டை முதலில் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை வண்டியின் இரும்பில் எங்கே பட்டாலும் ஷார்ட் ஆகும். நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டால் அந்த வழி அறுந்துபோகும். இன்வெர்ட்டரில் அப்படி ஓர் இரும்பு உடல் இல்லாவிட்டாலும், எங்கும் ஒரே வரிசையைக் கடைப்பிடித்தால் கை தவறு செய்யாது. இதே காரணத்தால்தான், வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து காரை ஸ்டார்ட் செய்யும்போது கடைசிக் கிளிப்பைப் படுத்துவிட்ட பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்கிறார்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது வாயுவுக்கு அருகில் பறக்க வேண்டாம்.

பெரிய சோலார் அமைப்புகளிலும் யு.பி.எஸ்.களிலும் பத்துப் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 120 வோல்ட் வரை கொண்டுபோகிறார்கள். அங்கே ஷாக் அடிக்கும், உயிரையும் எடுக்கும். இன்வெர்ட்டர் வெளியே தருவதும் 230 வோல்ட்தான். தெருவில் கரண்ட் இல்லாதபோதும் அது உயிரோடு இருக்கும். சீல் வைத்த பேட்டரிகளைப் பற்றி ஒரு வரி: அவற்றில் உருவாகும் வாயு உள்ளேயே மீண்டும் தண்ணீராக மாறும்படி அமைத்திருக்கிறார்கள், ஆனால் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியேறத்தான் செய்யும்.

அமிலம் பட்டால்

தண்ணீர் ஊற்றிய அன்று சட்டையில் எதுவும் தெரியாது. துவைத்துக் காய்ந்து எடுக்கும்போது வயிற்றுப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருக்கும். என் பழைய சட்டைகளில் இரண்டு அப்படிப் போயின. கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று பருத்தியில் பட்டதும், அதிலிருந்த தண்ணீர் மெல்ல உலர்ந்துபோய், மிஞ்சும் அமிலம் அடர்த்தியாகி நூலை அரித்துவிடுகிறது. தோலிலும் இதேதான் நடக்கும் என்பதால், எரிச்சல் இல்லையே என்று உலரவிடக் கூடாது. பட்ட இடத்தை உடனே, ஓடும் குழாய்த் தண்ணீரில், நிறைய நேரம் கழுவ வேண்டும். நனைந்த துணியைக் கழற்றிவிட வேண்டும்.

கண் விஷயத்தில் ஒரு நொடியும் யோசிக்க இடமில்லை. இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை மெல்ல ஓடவிட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு வலி இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொருவர் அருகில் இருந்தால் கழுவும்போதே 108-ஐ அழைக்கலாம். தாய்ப்பால், எண்ணெய், சமையல் சோடா எதையும் கண்ணிலோ தோலிலோ போட வேண்டாம். சமையல் சோடாவின் இடம் தரை. கொட்டிய அமிலத்தின் மேல் அதைத் தூவினால் நுரைத்துப் பொங்கி அமிலத்தை முறிக்கும். நுரை அடங்கும்வரை தூவி, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். டெர்மினலில் பூத்த உப்பையும், இணைப்பைக் கழற்றிய பிறகு, சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். கரைசல் மூடி வழியாகக் கலத்துக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்து உலர்ந்து, கேபிளை இறுக்கிய பின் மேலே வாசலின் தடவிவிட்டால் மறுபடி பூப்பது குறையும்.

இந்த வேலைகளுக்கு ரப்பர் கையுறையும், பக்கங்கள் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடியும் போதும். சாதாரண மூக்குக் கண்ணாடி பக்கவாட்டில் தெறிப்பதைத் தடுக்காது.

பழைய பேட்டரி

150 ஆம்பியர்-மணி பேட்டரி 50 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும்; அதில் பாதிக்கும் மேல் ஈயம். இருவர் சேர்ந்து, நிமிர்ந்த நிலையிலேயே தூக்க வேண்டும். சாய்த்தால் அமிலம் ஒழுகும். முதுகு பிடித்தால் அது தனிக் கதை.

ஈயம் உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது; எலும்பில் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். டெர்மினலில் பூத்த உப்பிலும் ஈயம் இருக்கிறது. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது. ஆனால் வீட்டில் இருக்கும் முழுப் பேட்டரியைவிடப் பல மடங்கு ஆபத்தானது உடைத்த பேட்டரி. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற குடியிருப்பில், பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் கலந்த ஈயத்தால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பிலோ மறுசுழற்சியிலோ ஈடுபட்டிருப்பவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பைப் பயன்படுத்துபவருக்கே கொடுத்திருக்கின்றன. நடைமுறையில் இதற்கு எளிய வழி, புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொள்வதுதான். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் நூறு இருநூறு கூடுதலாகத் தருவதாகச் சொல்லலாம். அவர் கேட்கும் முதல் உதவி, "ஆசிட்டைக் கீழே ஊத்திட்டுக் குடுங்க" என்பதாக இருந்தால், பேட்டரியை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கடைக்காரருக்கே போன் செய்யுங்கள்.